பல்லாங்குழியில் ஒரு வாரம்: நம் சோர்வை வீட்டாருக்குக் காட்டும் முறை

எனக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் பழகிவிட்டன. ஆனால் 'முடியவில்லை' என்று நான் சொல்வதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. சென்ற ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலத்துக்கு உறவினர்கள் வருவதற்கு முன்புதான் வழி பிறந்தது.

மூல யோசனை என்னுடையது அல்ல. லூபஸ் என்ற நாட்பட்ட நோயுள்ள கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், உணவகத்தில் தோழியின் கையில் ஒரு நாளைய தெம்பு என்று 12 ஸ்பூன்களைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாகப் பிடுங்கிக் காட்டியதை 2003இல் எழுதினார். நான் அதைப் பல்லாங்குழிக்கு மாற்றிக்கொண்டேன்.

தேவையானவை

ஒரு பல்லாங்குழிப் பலகை, 84 புளியங்கொட்டைகள். சோழி வேண்டாம், குழிக்கு 12 கொள்ளாது. குன்றிமணி வீங்கிய விரல்களுக்குப் பிடிபடாது. கைபேசிச் செயலிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிரில் இருப்பவர் தம் கையால் எடுத்து வைத்தால்தான் மனதில் தைக்கும்.

முதல் படி

உங்கள் பக்கத்து 7 குழிகள்தான் ஞாயிறு முதல் சனி வரை. குழிக்கு 12 கொட்டைகள் போடுங்கள். 12 என்பது எதையும் அளந்து வந்த எண் அல்ல, கைக்கு வாகான கணக்கு.

இரண்டாம் படி

கொட்டைகளை அவர்களே எடுக்கட்டும். நேற்று நான் செய்த வேலைகளைச் சொல்லச் சொன்னேன். அம்மா சமையலுக்கு இரண்டு, துணி மடித்ததற்கு ஒன்று என எடுத்தார். விடுபட்டவற்றை நான் சேர்த்தேன்: தலைக்குக் குளித்தது இரண்டு, விரல் மடங்காத காலை நேரத்தில் குக்கர் மூடியைத் திருகியது ஒன்று, பஸ்ஸில் நின்றபடி வந்தது இரண்டு. மூடிக்கு ஒரு கொட்டை என்றதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இங்கே அவசரப்படாதீர்கள்.

மூன்றாம் படி: நான் இடறிய இடம்

முதல் தடவை நான் ஒரே ஒரு நாளைத்தான் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் கண்ணு" என்றார். தவறு என்னுடையதுதான். ஒரு நாளை மட்டும் காட்டினால், இரவில் குழி தானாக நிரம்பிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் நம் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. அந்த அழற்சியே சோர்வைத் தருகிறது. தூங்கினாலும் அது ஓய்வதில்லை.

இரண்டாம் தடவை ஏற்காடு போய்வந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டேன். "காரில் உட்கார்ந்துதானே போனாய்?" என்று அக்கா கேட்ட பயணம் அது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டே போனேன். ஏற இறங்க ஆறு, ஏரிக்கரை நடைக்கு நான்கு, கிளம்பும் வேலைகளுக்கு மூன்று, உறவினர் வீட்டு விருந்துக்கும் பேச்சுக்கும் நான்கு. மொத்தம் 17. ஞாயிற்றுக் குழி காலியான பிறகு ஐந்தைத் திங்களிலிருந்து எடுக்கச் சொன்னேன். திங்களில் மிஞ்சியது ஏழு. அன்றைய வேலைக்கோ பத்து வேண்டும், அதனால் செவ்வாயிலிருந்து மூன்று. வலியில் விழித்த இரண்டு இரவுகளுக்காகச் செவ்வாயில் இன்னும் நான்கை எடுத்து வெளியே போட்டேன். ஐந்துதான் கிடந்தது.

அம்மா அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். குழியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "முன்பணம் வாங்கியாகிவிட்டது, இனி கூலியில் பிடித்தம்தான்" என்றார். நான் ஆறு ஆண்டுகளாகத் தேடிய சொல் அதுதான். உங்கள் வீட்டுத் தொழிலிலும் இப்படி ஒரு சொல் இருக்கும், அதைத் தேடுங்கள்.

நான்காம் படி

ஆடிப் பண்டிகை வாரத்து வேலைகளை அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பது எனக்கும், சின்ன வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அக்காவுக்கும் என்று முடிவானது. கோயிலுக்கு நான் கூட்டம் குறைந்த நாளில் போனேன்.

பிற்சேர்க்கை 1: "இன்னும் இரண்டு இருக்கிறதே, கடைக்குப் போய்விட்டு வா" என்று மாமனார் கணக்குக் கேட்பதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். படித்து மனம் மிகவும் வலித்தது. விளக்கி முடித்ததும் பலகையை உள்ளே வைத்துவிடுங்கள். மீதி எத்தனை என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். கடைசி இரண்டை நான் யாருக்கும் சொல்வதே இல்லை. இரவில் வலி கூடினால் அவைதான் துணை.

பிற்சேர்க்கை 2: நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அதிக உழைப்பின் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் தள்ளியும் வரலாம் என்று இன்னொருவர் நினைவூட்டினார். அவர்கள் அடுத்த குழியைத் தொடாமல், அதற்கும் அடுத்த குழியிலிருந்து எடுத்துக் காட்டலாம். 'நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?' என்ற கேள்விக்கு அந்த இடைவெளியே பதில்.

பிற்சேர்க்கை 3: வெளியூர்த் தோழிகளுக்குப் பலகை தேவையில்லை. ஒருமுறை விளக்கிவிட்டு, காலையில் வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்புங்கள். நான் 'இன்று 4' என்று அனுப்பினால் என் தோழி அழைப்பதில்லை. நான் படுத்துக்கொண்டே கேட்கக் குரல்பதிவு ஒன்றை அனுப்பிவிடுகிறாள்.