கியர் ஆயில் கசிவு: ஆயில் சீலை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடித் தெருவில் இரவெல்லாம் நின்ற பழைய மாருதி 800 காரின் அடியில் காலையில் உள்ளங்கையளவு கறை தெரிந்ததும், கியர் பாக்ஸின் ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று முடிவு கட்டுவதே முதல் தவறு. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுவது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் வழியாக வரும் இன்ஜின் ஆயிலாகவும் இருக்கலாம். கியர் ஆயில் கெட்டியானது; அதில் கந்தக நெடி அடிக்கும். மண்ணெண்ணெயில் அந்த இடத்தைத் துடைத்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஈரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இதைச் செய்யாமல் நான் இரண்டு முறை சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் சீலை மாற்றினேன். இரண்டு முறையும் சில வாரங்களில் மறுபடி ஒழுகியது. கடைசியில் குற்றவாளி, சேறு காய்ந்து அடைத்திருந்த பிரீதர். வண்டி ஓடும்போது கியர் பாக்ஸின் உள்ளே சூடாகி விரியும் காற்றுக்கு அதுதான் வழி. அது அடைபட்டால், அழுத்தம் ஆயிலை, ஷாஃப்டைத் தொட்டு நிற்கும் சீலின் உதடு வழியாகவே வெளியே தள்ளும். புதிய சீலுக்கு ஆன செலவு வீண். ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் பேரிங்கைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றுவதும் இதே கதைதான்.

பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது அலுமினிய உறையில் கீறல் விழுந்தால், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவிய பிறகே ஷாஃப்டை நுழைக்க வேண்டும்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீருக்குள் இறங்கி ஏறிய வண்டி என்றால், ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டும், மேலே ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது. கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்களை நான் ஊற்றுவதில்லை. அவை ரப்பரை ஊதவைத்துச் சில நாள் ஏமாற்றும், அவ்வளவே.

வடிப்பதற்கு முன் ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் பிளக் கழன்று வருகிறதா என்று பார்க்க மறப்பவர்கள் பலர். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஆயில் இல்லாத கியர் பாக்ஸோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். வடிக்கும் துளையை மூடும் டிரெயின் பிளக்கை அளவுக்கு மீறி முடுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். புதிய வாஷர் போட்டு மிதமாக முடுக்கினால் போதும். வண்டியின் கையேடு GL-4 தர கியர் ஆயில் என்று சொன்னால் GL-5 தர ஆயிலை ஊற்ற வேண்டாம், ஏனெனில் அதன் சில வகைகள் கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். பழைய மேனுவல் கியர் பாக்ஸ்கள் பலவற்றில் ஃபில்லர் துளையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்குவதே சரியான மட்டம். ஆனால் வண்டி ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது அந்த மட்டம் பொய்யாகிவிடும்.