ஜிம்ப்பில் எரேசர் போட்டால் வெள்ளையாகிறதா?

வியாசர்பாடி கால்பந்து போட்டி ஒன்றுக்கு பேனர் வேணும்ணா என்று தெருத் தம்பி வந்து நின்றான், எட்டுக்கு நாலு அடி. கோல்கீப்பர் போட்டோவைப் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் 2.10-ல் திறந்து, அடி லேயராக (லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) பச்சை மைதானத்தை வைத்து, பின்னால் தெரிந்த சுவரை எரேசரால் தேய்த்தால் மைதானம் தெரியவே இல்லை, வெள்ளைத் திட்டுதான் விழுகிறது.

காரணம் இதுதான்: போட்டோ ஜேபெக் ஃபைல், ஜேபெக்கில் டிரான்ஸ்பரன்சி, அதாவது கீழே இருப்பது ஊடுருவித் தெரியும் வசதி, கிடையாது, அதனால் அதிலிருந்து வந்த லேயரில் அந்த ஊடுருவலைக் குறித்துவைக்கும் ஆல்ஃபா சேனலும் இருக்காது. அது இல்லாவிட்டால் எரேசர் அழிக்காது, பேக்ரவுண்ட் கலரைப் பூசிவிட்டுப் போகும். லேயர் பட்டியலில் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் ஆல்ஃபா இல்லை என்று அர்த்தம். ரைட் கிளிக் செய்து ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுத்து மறுபடி தேய்த்தேன், மைதானம் வந்துவிட்டது.

ஆனாலும் எரேசரை விட்டுவிட்டு, படத்தை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க்குக்கு மாறிவிட்டேன், ஏனென்றால் கிளவுஸ் ஓரத்தில் விரல் நுனி போய்விட்டால் எரேசரில் அன்டூவைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன், மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் அப்படியே திரும்ப வரும். பூசும் முன் மாஸ்க்கின் குட்டிப் படத்தைக் கிளிக் செய்யுங்கள், இல்லையென்றால் கறுப்பு போட்டோ மேலேயே விழும்.

அப்புறம், பிரின்ட் கடைக்கு ஜேபெக் போனாலும் ஜிம்ப்பின் சொந்த ஃபைலான எக்ஸ்சிஎஃப்-ஐ வைத்துக்கொள்ளுங்கள். லேயர்கள் அதில்தான் இருக்கும். தம்பி ராத்திரி போன் பண்ணி, மேட்ச் காலை ஆறு மணிக்கில்லை, ஏழுக்கு என்றான், எழுத்து லேயரை மட்டும் திருத்தி அனுப்பினேன்.