கேம்பர் வேன் டயர்: பராமரிப்பதும் மாற்றுவதும்

கார் டயர் பெரும்பாலும் ஓடித் தேயும். உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் கேம்பர் வேனின் டயர் பல நேரம் நின்றே கெட்டுப்போகும். பட்டன், அதாவது தரையில் படும் வரிப் பகுதி, புதிது போலவே இருக்கும்; பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று மொத்த வீடும் இரவு பகலாக அந்த நான்கு டயர்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கிலோமீட்டர் கணக்கை விடுங்கள். எடை, காற்று, வயது ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

முதலில் எடை

தண்ணீரை நிரப்பி, சாமான்களை ஏற்றி, பயணம் போகும் ஆட்களோடு ஒரு எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். பிறகு டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் பாருங்கள். ‘225/75 ஆர்16 சிபி 116’ என்று இருந்தால், கடைசி எண்தான் சுமைக் குறியீடு. 116 என்றால் ஒரு டயர் 1250 கிலோ தாங்கும், இரண்டு டயர் உள்ள அச்சு 2500 கிலோ தாங்கும். ஆனால் சமையல் பகுதியும் அலமாரியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயர் பாதிக்கு மேல் சுமக்கும். ஆகவே எல்லைக்கு ஒட்டினாற்போல் வாங்காதீர்கள்.

‘சி’ என்பது சரக்கு வேன்களுக்கான டயர். ‘சிபி’ எப்போதும் பாரத்தோடு நிற்கும் கேம்பருக்கென்றே செய்தது. அளவு பொருந்துகிறதே என்று சாதாரணக் கார் டயரைப் போடவே கூடாது.

காற்று

வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடானால் அழுத்தம் தானாகவே ஏறும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரிலோ வண்டிக் கையேட்டிலோ இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறுவேறாக இருக்கலாம். சிபி டயரைப் பின் அச்சில் போட்டால் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை கூடப் போகும். இங்கே ஒரு சின்ன விஷயம்: கார்களில் வரும் வழக்கமான ரப்பர் வால்வுக்கு 65 பிஎஸ்ஐதான் எல்லை. அதற்கு மேல் வைப்பதாக இருந்தால் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். கடையில் பெரும்பாலும் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். மாதம் ஒரு முறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

வயது

பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஐந்து வயதைத் தாண்டினால் வருடா வருடம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து வயதானால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான். அதற்கு முன்பே வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பது பல நாடுகளில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். மழையில் ஓட்டுபவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டயர் மேல் வெயில் படாமல் மூடி வையுங்கள், அவ்வப்போது வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பாலிஷ் பூச வேண்டாம்.

வழியில் சக்கரம் மாற்றுவது எப்படி?

சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இறங்க வேண்டும், தூங்கும் குழந்தையும்தான்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகுதான் ஜாக்கி. கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள், வண்டி எடையைத் தாங்கும் ஜாக்கியா என்றும் பாருங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் கை கால் எதுவும் போகக் கூடாது. பல வேன்களில் ஸ்டெப்னி அடியில் தொங்கும், ஆகவே தூக்குவதற்கு முன்பே அதை இறக்கி வெளியே எடுத்துவிடுங்கள். அதைத் தாங்கும் கம்பி துருப்பிடித்து இறங்காமல் படுத்தும் என்பதால் வீட்டிலேயே ஒரு தடவை இறக்கிப் பார்ப்பது உத்தமம்.

புதுச் சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி, வண்டியை இறக்கிய பின் ஒன்றுக்கு எதிரே இன்னொன்று என்ற வரிசையில் இறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்க வேண்டாம். எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கையேட்டில் அளவு உண்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை சோதியுங்கள்.

அப்புறம், இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.