பெயர் தெரியாத ரெக்கோடிங் பார் கசெட்டிலிருந்து பழைய ரொக் பேண்டையும் புதிய கலைஞரையும் கண்டுபிடிப்பது எப்படி

மட்டக்களப்பில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொக் கேட்டு வளர்ந்த எங்கள் பலரிடம் அசல் கசெட் கிடையாது. வெறும் கசெட்டை ரெக்கோடிங் பாரில் கொடுத்தால் கடைக்காரர் தன்னிடம் இருந்ததில் நல்லதாய்ப் பார்த்து இரண்டு பக்கமும் அடித்துத் தருவார். அட்டையில் "இங்கிலிஷ் 4" என்று மட்டும் பேனையால் எழுதியிருக்கும். பாட்டு இன்றைக்கும் வரிக்கு வரி மனப்பாடம். பாடியது யார் என்றுதான் தெரியாது. என் அலுமாரியில் இருந்த அப்படியான கசெட்டுகள் முழுவதற்கும் பெயர் கண்டுபிடித்து முடித்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: கசெட்டைப் பாருங்கள்

வாவிப் பக்கத்து ஈரம் கசெட்டுக்கு எதிரி. கசெட்டின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை நல்ல பிளேயரில் போடாதீர்கள், அடுத்த கசெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். பிளேயரில் நாடாவைத் தொட்டு வாசிக்கிற ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம்.

படி 2: லப்டொப்பில் ஏற்றுதல்

யூஎஸ்பி வயரோடு வரும் மலிவான கசெட் கன்வேர்ட்டர்களை வாங்காதீர்கள். அவற்றின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது. வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கிடக்கும் பழைய கசெட் டெக்தான் என் தெரிவு. பின்பக்கம் லைன் அவுட் (சத்தத்தை வெளியே எடுக்கிற துளை) இருந்தால் அதிலிருந்து எடுங்கள். மென்பொருளுக்கு ஒடாசிட்டி போதும், இலவசம். 44100 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோ, உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குகிற வேலையில் இப்போதே இறங்க வேண்டாம். கூடுதலாகச் சுரண்டினால் சிம்பல் சத்தமும் சேர்ந்து போய்விடும்.

படி 3: வேகத்தைச் சரிசெய்தல்

என்னை ஆக அதிகம் அலைக்கழித்த இடம் இது. போனில் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் அப்பைத் திறந்து கசெட்டை ஓடவிட்டால் ஒன்றுமே வராது. உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டுக்கும் "கிடைக்கவில்லை" என்றே சொல்லும். காரணம் வேகம். ஷசாம் ஒலியின் அதிர்வெண் புள்ளிகளையும் அவற்றுக்கிடையிலான நேரத்தையும் வைத்துத்தான் பாட்டை அடையாளம் காண்கிறது. கசெட் செக்கனுக்கு 4.76 சென்டிமீற்றர் ஓட வேண்டும். கடையில் அடித்த டெக் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கும், உங்கள் டெக்கின் பெல்ட் இழுபட்டு மெதுவாக ஓடும். இரண்டும் சேர்ந்தால் புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

எவ்வளவு பிசகு என்று அளக்க கிற்றார் ட்யூனர் அப் ஒன்று போதும். பாட்டின் கடைசி கோர்டை, அதாவது கிற்றாரின் பல தந்திகளைச் சேர்த்து மீட்டுகிற ஒலியை, தேடுங்கள். ட்ரம் ஓய்ந்து கிற்றார் மட்டும் நீண்டு ஒலிக்கிற அந்த இரண்டு மூன்று செக்கன்தான் வேண்டும். அதைத் தெரிவுசெய்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ட்யூனரை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடியுங்கள். முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். எந்தச் சுரம் என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. கன்ஸ் என் ரோசஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் பல பாட்டுகளில் கிற்றாரை அரைச் சுரம் இறக்கிக் கட்டியவர்கள்; அந்தப் பாட்டுகளில் ஈ வர வேண்டிய இடத்தில் ஈ ஃப்ளட் வரும், ஆனாலும் முள் நடுவில்தான் நிற்கும்.

ட்யூனர் விலகலைச் சென்ட்டில் காட்டும்; அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். முள் வலப்பக்கம் 34 சென்ட் விலகி நின்றால் கசெட் வேகமாக ஓடுகிறது. 17 சென்ட்டுக்கு ஒரு வீதம் என்று கணக்கு வையுங்கள். ஆகவே ஒடாசிட்டியில் முழுப் பாட்டையும் தெரிவுசெய்து, வேகம் மாற்றும் எஃபெக்டில் மைனஸ் 2 வீதம் கொடுங்கள். இடப்பக்கம் விலகினால் பிளஸ். டெம்போவை மட்டும் மாற்றுகிற எஃபெக்டும் அங்கே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், அது சுருதியை அப்படியே விட்டுவிடும். நமக்குச் சுருதியும் நகர வேண்டும். சரிசெய்த பாட்டை ஷசாமுக்குக் காட்டுங்கள். அந்தப் பெயர் திரையில் வருகிற நேரம் வருகிற சந்தோசம் தனி.

படி 4: அப்படியும் வராவிட்டால்

மேடைப் பதிவாக இருக்கலாம். ஷசாம் குறித்த பதிவைத்தான் தேடும், மெட்டைத் தேடாது. கூகுள் அப்பில் முணுமுணுத்துத் தேடுகிற வசதி 2020இல் வந்தது. அதற்கு மெட்டு போதும், சுருதி பிசகினாலும் பரவாயில்லை. வரிகள் விளங்கினால் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

ஓர் அன்பான வேண்டுகோள். கசெட்டின் கடைசியில் மிஞ்சிய இடத்தில் கடைக்காரர் பைலாவோ, நம்மூர்ப் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டத்தில் வயலினோடு ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவோ அடித்திருந்தால் அழித்துவிடாதீர்கள். டீப் பேர்ப்பிள் போன்ற ரொக் பேண்டின் பாட்டு எங்கேயும் கிடைக்கும், அந்த வயலின் வேறெங்கும் கிடைக்காது.

படி 5: பழையதிலிருந்து புதியதுக்கு

பெயர் கிடைத்ததும் பலர் யூடியூபின் "அடுத்தது" பட்டியலில் விழுந்துவிடுகிறார்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துப் பாட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டும். அல்ப விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்கொக்ஸ் தளத்தில் அந்த அல்பத்தைத் திறந்து, பாடகருக்குக் கீழே உள்ள பெயர்களை வாசியுங்கள். டீப் பேர்ப்பிளின் 1972 அல்பத்தில் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பேர்ச். அந்தப் பெயரைத் தட்டினால் ரெயின்போ வரும், 1980இல் பிளக் சபத் வரும், 1981 முதல் 1992 வரை அயர்ன் மெய்டன் வரும். எனக்குப் பிடித்த அரைவாசி அல்பங்கள் இந்த ஒரே மனிதரின் கையால் வந்தவை.

புதிய கலைஞர்களைத் தேட நான் நம்புவது பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் தளம். அங்கே பாணியின் பெயரோடு ஊரின் பெயரையும் போட்டுத் தேடலாம், வாங்கினால் பணத்தின் பெரும்பகுதி கலைஞருக்கே போகும். முதலில் எம்டூ மொக்டாரைக் கேளுங்கள். நைஜர் நாட்டின் துவாரெக் என்ற சகாரா இனத்துக் கிற்றார்காரர். முதல் கிற்றாரைத் தானே செய்து சைக்கிள் பிரேக் கம்பியைத் தந்தியாகக் கட்டியவர். அவருடைய ஆரம்பப் பாட்டுகள் போன் மெமரி கார்ட் வழியாகக் கைக்குக் கை மாறித்தான் சகாராவில் பரவின. ரெக்கோடிங் பாரில் வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2021இல் வந்த அல்பத்தில் தொடங்குங்கள். நம் நாட்டிலேயே ஸ்டிக்மாட்டா, பரனொய்ட் ஏர்த்லிங் என்ற இரண்டு பேண்டையும் கேட்காமல் இருக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: கல்முனையிலிருந்து ஒரு தம்பி, பாட்டு ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று எழுதியிருந்தார். அவருடைய லப்டொப்பில் ஒரே ஒரு துளைதான், அது மைக்குக்கானது, மோனோ. லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்க வேண்டும். வாங்கும்போது "ஸ்டீரியோ இன்புட்" என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் அதிகமானவை மைக் மட்டும் உள்ளவை.

பின்சேர்க்கை 2: பொத்துவிலிலிருந்து ஓர் அக்கா, கசெட் ஓடுகிறது, சத்தம் மங்கி மங்கி வருகிறது என்று கேட்டிருந்தார். கசெட்டின் வாய்ப் பக்கம் நடுவில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கிறதா பாருங்கள், அக்கா. வெக்கையில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். நாடா ஹெட்டில் ஒட்டி நிற்காது. திருகாணி போட்ட வேறொரு கசெட்டின் கூட்டைக் கழற்றி, உங்கள் இரண்டு சுருளையும் அதற்குள் மாற்றுங்கள். நாடா போகிற பாதையை முதலிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள். ஒட்டுக் கூடாக இருந்தால் பிளேட்டால் விளிம்பை மெதுவாகப் பிளக்க வேண்டும், அவசரப்படாதீர்கள்.