ஐந்து தரம் தலை விழுந்தால் ஆறாவது என்ன? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்தால் அடுத்தது மறு பக்கம்தான் என்று பலர் நினைப்பதுண்டு. 2024 ஆகஸ்டில் கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கில் நடந்த மூன்று ஒருநாள் போட்டிகளிலும் இந்தியா நாணயச் சுழற்சியில் தோற்றது. மூன்றிலும் தோற்க வாய்ப்பு 8இல் 1. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தொடங்கிய அந்தத் தோல்வி வரிசை 20 வரை நீண்டது. அதற்கு 10,48,576இல் 1. ஆனால் 19 தோற்ற பிறகு 20ஆவதும் தோற்பதற்கு வாய்ப்பு வெறும் பாதிக்குப் பாதிதான். முழு வரிசைக்குரிய எண்ணை அடுத்த ஒரே சுண்டலுக்கு ஏற்றுவதுதான் அந்த நினைப்பின் பிழை.

ஒரு 5 ரூபாய்க் குற்றி போதும். எண் பக்கம் பூ, இலச்சினைப் பக்கம் தலை. சுண்டுமுன்பே, 20 தரம் சுண்டினால் எப்படி விழும் என்று கற்பனையாக ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு உண்மையாகவே 20 தரம் சுண்டி, விழுந்ததை இன்னொரு தாளில் எழுதுங்கள். நிஜமான தாளில் ஒரே பக்கம் நான்கு தரமோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுந்திருக்க 77 சதவீத வாய்ப்பு உண்டு. கற்பனைத் தாளில் பெரும்பாலும் இராது; கை தானாகவே மாற்றி மாற்றி எழுதிவிடும்.

அடுத்தது 200 தரம். மேசையில் பம்பரம்போல் சுழற்றாதீர்கள், விளிம்பின் வாகு சில குற்றிகளை ஒரு பக்கம் சாய்க்கும். நன்றாக உயர்த்திச் சுண்டுங்கள். நழுவி விழுந்ததைக் கணக்கில் எடுப்பதா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். விழுந்ததைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்தால் சோதனை கெட்டது. ஒரே பக்கம் மூன்று தரம் தொடர்ந்து விழுந்த ஒவ்வோர் இடத்திலும் நான்காவது என்ன என்று குறியுங்கள். ஏறத்தாழ 49 இடங்கள் கிடைக்கும். அவற்றில் 18 முதல் 31 வரை அதே பக்கம் தொடர்ந்தால் வியக்க ஒன்றுமில்லை.

இங்கே கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். 20 சுண்டல்களுக்கு ஒரு தாள் என்று பிரித்து, அதே பக்கம் தொடர்ந்த சதவீதத்தைத் தாள்தோறும் கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் விடை 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். நீண்ட வரிசை உள்ள தாள் பல இடங்களைத் தந்தாலும் அதற்கும் ஒரே தாளின் எடைதான். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியே வகுக்க வேண்டும்.

லொத்தர் பந்துகள் ஒவ்வொரு சீட்டிழுப்புக்கும் முழுதாகத் திரும்பப் போடப்படுகின்றன; பல நாள் விழாத இலக்கத்துக்கு எந்தப் பாக்கியும் இல்லை. சீட்டுக்கட்டு வேறு. எடுத்ததைத் திருப்பி வைக்காவிட்டால், ஐந்து சிவப்பு போனபின் அடுத்ததும் சிவப்பாக இருக்க 47இல் 21தான். தென்மேல் பருவ மழையும் வேறு: நேற்றைய காற்றும் ஈரமும் இன்றும் இருப்பதால் மழை நாள்கள் கூட்டமாகவே வரும். எனவே முதலில் கேட்க வேண்டியது, முந்தியது அடுத்ததை எந்த வழியால் தொடுகிறது என்பதுதான்.

ஒரே குற்றி 20 தரமும் தலையாகவே விழுந்தால் குற்றியைச் சந்தேகியுங்கள். அப்போதும் பந்தயம் தலைப் பக்கமே. பூவுக்கு முறை வந்துவிட்டது என்று சொல்ல எந்தக் கணக்கிலும் இடமில்லை.