இயங்கலைப் பயிற்சியில் பள்ளித் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் இரண்டு மணி. அறைக்கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியில் பயிற்சியைத் திறந்தேன். வகுப்பு உற்றுநோக்கலும் பின்னூட்டமும் என்பது தலைப்பு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, காசோலையில் கையொப்பம் வேண்டும் என்று கிராணி வந்தார். அவர் போனதும், கூடுதல் வகுப்புக்குக் காத்திருந்த இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் பல் விழுந்து வாயெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றான். அவனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து அழைப்பு. ஏதோ புள்ளிவிவரம் அன்றைக்கே வேண்டுமாம். மூன்றே முக்காலுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ இறுதிப் புதிரின் விடைகளைப் போட்டார்கள். நான்கு மணிக்கு மின்சான்றிதழ் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஓர் ஆசிரியை, “நேற்றுப் பயிற்சியில் என்ன சார் சொன்னார்கள்?” என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நிர்வாகத் துணைத் தலைமையாசிரியர். அந்த ஆசிரியையின் வகுப்பைத்தான் அடுத்த வாரம் உற்றுநோக்கிப் புள்ளி போட வேண்டியிருந்தது.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பெருநிலத்தில், செபராங் பிறைப் பக்கம். ஒரு நாள் பயிற்சிக்காகப் பாலம் கடந்து தீவுக்குப் போய்த் திரும்புவதென்றால் காலையும் மாலையும் நெரிசலிலேயே கழிந்துவிடும். அதனால் இணையவழி நடக்கும் இயங்கலைப் பயிற்சி நமக்கெல்லாம் பெரிய வசதி. 2020 மார்ச் 18 அன்று கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு கிட்டத்தட்ட எல்லாமே திரைக்குள் வந்துவிட்டன. அதே ஆண்டு ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா என்ற இணையக் கற்றல் தளமும் வந்தது. வசதியை நான் குறை சொல்லவில்லை. அந்த வசதியை நாம் கையாளும் விதத்தில்தான் சில தவறுகள் நிலைத்துவிட்டன.

முதல் தவறு, வேலைக்கு நடுவே பயிற்சியைச் செருகுவது. நேரில் நடக்கும் பயிற்சிக்குப் போகும்போது “சார் இன்று பள்ளியில் இல்லை” என்று எல்லாருக்கும் தெரியும். இயங்கலையில் உடல் பள்ளியில் இருக்கிறது, அதனால் யாரும் விடமாட்டார்கள். நாமும் வா என்றுதான் சொல்வோம். தலைமையாசிரியர் தம் அறையிலேயே உட்கார்ந்து பயிற்சியில் கலந்துகொள்வது முக்கால்வாசி நேரம் நடக்காத காரியம். நூலகத்துக்கோ அறிவியல் அறைக்கோ போய்விடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பொறுப்பு யாருக்கு என்று காலையிலேயே பெயர் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கேமராவைத் திறந்து வையுங்கள். அது ஒழுக்கத்துக்காகச் சொல்வதல்ல. கேமரா திறந்திருந்தால் நாமே வேறு கோப்பைத் திறக்க மாட்டோம்.

அடுத்தது, பயிற்சியை நாள் கணக்காக மட்டும் பார்ப்பது. அரசு ஊழியர் ஒருவர் ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பொதுச்சேவைச் சுற்றறிக்கை வகுத்தது. நல்ல நோக்கத்தோடு வந்த விதி. ஆனால் ஆண்டு இறுதி நெருங்கும்போது கணக்கு குறைகிறதென்று கிடைத்த பயிற்சியில் எல்லாம் பெயர் கொடுக்கிறோம். மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் ஒரே மாதத்தில் எண்ணியல் வடிவமைப்பு, நிதி மேலாண்மை, செயற்கை நுண்ணறிவு என்று மூன்றில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய பள்ளியின் அன்றைய தலைவலி, திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் வராமல் போவது. அதைப் பற்றிய பயிற்சி மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பள்ளியின் சுயமதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வையுங்கள். பள்ளிகள் தம்மைத் தாமே மதிப்பிட 2017 முதல் நாம் பயன்படுத்தும் கல்வித் தரச் சட்டகத்தின் இரண்டாம் அலை ஐந்து தரங்களைக் கொண்டது: தலைமைத்துவம்; நிறுவன மேலாண்மை; பாடத்திட்டம், புறப்பாடம், மாணவர் நலன் ஆகியவற்றின் மேலாண்மை; கற்றல் கற்பித்தல்; மாணவர் வளர்ச்சி. எதில் பள்ளி நொண்டுகிறதோ அதையொட்டி ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ ஆழமான பயிற்சி போதும். மீதி நாள் கணக்கு பள்ளிக்குள் நடக்கும் பயிற்சிகளிலேயே நிரம்பிவிடும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு. பயிற்சியில் கேட்டதை வகுப்பில் ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்த மின்சான்றிதழ் நாளுக்குப் பிறகு, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதே தலைப்பில் இன்னொரு பயிற்சி வந்தது. இந்த முறை நூலகத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். அதில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது: “நீங்கள் வகுப்பில் யாரைப் பார்க்கிறீர்கள்?” தரச் சட்டகத்தின் நான்காம் தரத்தில் ஆசிரியரைத் திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டி, ஊக்குவிப்பவர், மதிப்பீட்டாளர் என்று ஐந்து கோணங்களில் பார்க்கிறோம். ஆறாவதாக வருவதுதான் மாணவர். அவர்கள் முனைப்போடு கற்கிறார்களா என்பது. ஐந்துக்கும் புள்ளி போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆறாவதை ஊகத்தில் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தேன்.

அந்த வாரம் மூன்றாம் ஆண்டுக் கணித வகுப்புக்குப் போனேன். புள்ளிப் பாரத்தை அறையிலேயே வைத்துவிட்டு, குறிப்பேடு மட்டும் எடுத்துக்கொண்டேன். பின்னால் உட்காராமல் ஜன்னல் பக்கம் மூன்று பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். கரும்பலகையில் 403இலிருந்து 158ஐக் கழிக்க வேண்டும். ஆசிரியை அழகாகவே விளக்கினார். வகுப்பும் கோரஸாகப் பதில் சொன்னது. பழைய நானாக இருந்திருந்தால் நான்குக்கு நான்கு போட்டிருப்பேன்.

என் இடப்பக்கம் இருந்த பெண் குழந்தை 355 என்று எழுதினாள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. வலப்பக்கப் பையன் 255 என்று எழுதினான். அவனுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. நூறிலிருந்து பத்துக்கு வாங்கினான், பத்திலிருந்து ஒன்றுக்கும் கொடுத்தான், ஆனால் கொடுத்த பிறகு பத்து ஒன்பதாகிவிட்டதை மறந்துவிட்டான். மூன்றாவது பிள்ளை 245 என்று சரியாக எழுதியிருந்தான். விடை கரும்பலகையில் வந்ததும் மற்ற இருவரும் தங்கள் விடையை அழித்துவிட்டு 245 என்று எழுதிக்கொண்டார்கள். ஆசிரியை வரிசையில் நடந்து வந்தபோது மூன்று நோட்டிலும் சரியான விடைதான் இருந்தது.

மாலையில் ஆசிரியையிடம் புள்ளி எதுவும் சொல்லவில்லை. 355, 255 என்ற இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, “டீச்சர், இது எப்படி வந்திருக்கும்?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் பார்த்தவர், “அழித்துவிட்டார்களா சார்?” என்றார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் நாங்கள் பேசியது முழுக்கக் கணிதம்தான். தவறான விடையை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற பழக்கம் அந்த வகுப்பில் அன்றுதான் முடிவானது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒரு பிள்ளைக்குத் தேர்ச்சி நிலை மூன்றா நான்கா என்று முடிவு செய்யும்போதும் அந்த அடித்த விடைகளே பிறகு கைகொடுத்தன.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பயிற்சியின் பயன் அந்த இரண்டு எண்களில்தான் இருந்தது. திரையில் பார்த்த ஒரு கேள்வி வகுப்பறைக்குள் போய், ஓர் ஆசிரியையோடு பேச்சாக மாறிய பிறகுதான் எனக்கே அது புரிந்தது. எந்தப் பயிற்சி முடிந்தாலும் ஏழு நாளுக்குள் ஒரே ஒரு சின்னச் செயலைச் செய்து பாருங்கள். ஐந்து செயலுக்குத் திட்டம் போட்டால் ஒன்றும் நடக்காது.

தனியாகப் போவதும் தவறு. தலைமையாசிரியர் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, ஆசிரியர்களுக்கு நாற்பது நிமிடத்தில் சிலைடுகளை வாசித்துக் காட்டினால் ஆறு மணி நேரச் சரக்கில் என்ன மிஞ்சும்? நம் பள்ளிகளில் லாடாப் எனப்படும் பள்ளிக்குள் நடக்கும் பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் நீர்த்துப்போகின்றன. முடிந்தால் பாடப் பணித்தியத் (அந்தப் பாட ஆசிரியர் குழுவின்) தலைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திரை, இரண்டு நாற்காலி. அவரவர் அறையில் அவரவர் திரையைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் இடைவேளையில் “நம் பள்ளிக்கு இது ஒத்துவருமா?” என்ற பேச்சு தானாக வரும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தலைமைத்துவச் செயல்களில் எது மாணவர் அடைவோடு அதிகம் தொடர்புடையது என்று பார்த்தது. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவரும் உடன் பங்கெடுப்பதே முதலிடத்தில் வந்தது; அதன் விளைவளவு (தொடர்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) 0.84. இலக்கு வகுப்பதற்கு 0.42, ஒழுங்கான சூழலை உருவாக்குவதற்கு 0.27. “உடன்” என்ற அந்தச் சொல்லை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பயிற்சியைத் தொடக்கி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பும் தலைமையாசிரியர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்.

சிறிய பள்ளிகளில் இது இன்னும் எளிது. 150க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியில் தலைமையாசிரியரும் பாடம் எடுக்கிறார். அப்புறம் என்ன, உங்கள் வகுப்பையே முதலில் திறந்து விடுங்கள். நான் என் நன்னெறி வகுப்புக்கு அந்தக் கணித ஆசிரியையை அழைத்தேன். நான் கேட்ட 14 கேள்விகளுக்கு நான்கே பிள்ளைகள் மாறி மாறிப் பதில் சொன்னதை அவர் எண்ணி எழுதி வைத்திருந்தார். அதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு மற்ற ஆசிரியர்கள் என்னை வகுப்புக்குள் விடத் தயங்கவில்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு வரும் பயிற்சிகள் மலாயில்தான், சில சமயம் ஆங்கிலத்தில். புரிந்துகொள்வதில் யாருக்கும் சிக்கல் இல்லை. ஆனால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்காத கருத்து தமிழ் வகுப்பறைக்குள் நுழைவதில்லை. பயிற்சியில் காட்டும் மாதிரிக் கேள்விகள் எல்லாம் மலாய்ப் பாடத்துக்கானவை. அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் சரிவராது. வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் வாசிப்பில் 26 எழுத்துகள். நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 247 எழுத்துகள், போதாக்குறைக்குக் கிரந்தம். பின்தங்கிய வாசிப்பாளருக்கு எங்கே கைகொடுப்பது என்பதே வேறாகிவிடும். அந்த வேலையை நமக்காக வேறு யாரும் செய்யமாட்டார்கள். பயிற்சி முடிந்த அன்றே, ஒரு பக்கம் போதும், தமிழில் எழுதிவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் “மிகத் திருப்தி” என்று அழுத்திவிட்டு மூடுவதும் ஒரு தவறுதான். அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி பயிற்சியின் பயனை ஐந்து படிகளில் அளக்கச் சொல்கிறார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, பள்ளி அதற்கு இடம் கொடுத்ததா, நடைமுறையில் பயன்படுத்துகிறாரா, மாணவருக்கு என்ன கிடைத்தது. நாம் நிரப்பும் படிவங்கள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் மூன்றாவது படிதான் நம் பள்ளிகளில் அதிகம் முறிகிறது. ஆசிரியர் புதிதாக ஒன்றைச் செய்ய ஆசையோடு வருவார். கால அட்டவணையில் அதற்கு இடம் இருக்காது, நாமும் ஒதுக்கிக் கொடுத்திருக்க மாட்டோம். ஆசிரியர்கள் கூடிப் பேசிக் கற்கும் தொழில்முறைக் கற்றல் சமூகத்துக்கென்று மாதம் ஒரு மணி நேரத்தை அட்டவணையில் பூட்டி வையுங்கள். அந்த நேரத்தில் அறிவிப்புகளைப் படிக்காதீர்கள். அவற்றைப் புலனத்தில் போட்டால் போதும்.

தலைமைப் பதவியை எதிர்பார்க்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் கல்வித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சிக்கு ஈடாக எந்தத் தனியார் மின்சான்றிதழும் நிற்காது. பணம் கட்டும் முன் அதை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மாவட்ட இலாகாவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்துச் சான்றிதழைக் கோப்பில் அடுக்குவதற்குப் பதிலாக, அனுபவமுள்ள ஒரு தலைமையாசிரியரிடம் போய், “நீங்கள் வகுப்பு பார்க்கப் போகும்போது நானும் வரட்டுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் வா என்றுதான் சொல்வார்கள். போகும்போது ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருங்கள்.