ராஸ்பெரி பையில் பின் வேலை செய்யவில்லையா? நிரலைத் தொடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

சென்னையில் வீட்டுக்கு வீடு சம்ப் உண்டு. மெட்ரோ வாட்டர் இன்றைக்கு வருமா, லாரிக்குச் சொல்ல வேண்டுமா என்ற கவலையும் உண்டு. அதனால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டை வாங்குகிற பலர், எல்இடியை மினுக்கிப் பார்த்த கையோடு சம்ப் தண்ணீர் மட்டத்தை அளக்க இறங்கிவிடுகிறார்கள். ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் அல்ட்ராசானிக் சென்சார் (ஒலியால் தூரம் அளப்பது), ரிலே போர்டு (சிக்னலால் இயங்கும் மின் சுவிட்ச்), ஜம்பர் ஒயர் எல்லாம் கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்து இணைத்தால்தான் தலைவலி. சென்சார் வாயே திறக்காது. ரிலே தன் இஷ்டத்துக்கு ஆன் ஆகும், ஆஃப் ஆகவே ஆகாது. உடனே பைத்தான் நிரலைத் திருத்த உட்கார்வார்கள்.

நிரலை மூடி வையுங்கள் என்பது என் கட்சி. இது எந்தப் பின் (போர்டில் ஒயர் செருகும் உலோகக் கால்), இப்போது யார் கையில் இருக்கிறது, அதில் எத்தனை வோல்ட் நிற்கிறது: இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் நிரலில் கை வைத்தால், சரியாக இருந்ததும் கெடும்.

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு மல்டிமீட்டர் (மலிவானது போதும்), ஒரு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் மூன்று, ஒரு பிரெட்போர்டு (ஒயர் செருகும் துளைப் பலகை), ஒரு முனை ஆணும் மறு முனை பெண்ணுமான ஜம்பர் ஒயர்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண் சரிதானா?

2014இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து ராஸ்பெரி பையில் 40 பின். இவற்றுக்கு இரண்டு வகை எண் உண்டு. ஒன்று, ஹெடரில் (பின்கள் நிற்கும் இரட்டை வரிசையில்) வரிசையாக எண்ணுகிற 1 முதல் 40. இன்னொன்று, சிப் தன் கணக்கில் வைத்திருக்கும் ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பொதுப் பின்) எண். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜிபிஐஓ 17 இருப்பது ஹெடரின் 11ஆவது பின்னில். ஹெடரின் 17ஆவது பின்னோ 3.3 வோல்ட் சப்ளை.

எல்இடியை 17ஆவது பின்னில் செருகினால் அது எரிந்துகொண்டே இருக்கும், நிரல் என்ன சொன்னாலும் அணையாது. அதுகூடப் பரவாயில்லை. அதே இடத்தில் ஒரு பட்டனை வைத்து மறு காலைக் கிரவுண்டில் கொடுத்தால், அழுத்துகிற நொடியில் 3.3 வோல்ட் சப்ளை நேராக ஷார்ட் ஆகிறது. போர்டு அணைந்து போவதைப் பார்த்துவிட்டு 'பட்டன் நிரலில் பிழை' என்று தேடுபவர்கள் உண்டு.

டெர்மினலில் 'பின்அவுட்' என்று அடியுங்கள். உங்கள் போர்டின் படமும் ஒவ்வொரு பின்னின் பெயரும் திரையில் வரும். இணையத்தில் கிடைக்கும் எந்தப் படத்தையும்விட இது நம்பகமானது, ஏனென்றால் உங்கள் போர்டைப் பார்த்துச் சொல்கிறது. முதல் பின் எது என்று குழம்பினால் போர்டைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் அதன் சால்டர் மட்டும் சதுரமாக இருக்கும். போர்டின் விளிம்பை ஒட்டிய வரிசை இரட்டைப்படை, உள் வரிசை ஒற்றைப்படை.

நிரலிலும் ஒரு கண். ஜிபிஐஓஜீரோ நூலகத்தில் வெறும் 17 என்று எழுதினால் அது ஜிபிஐஓ எண். பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்தில் 'போர்டு', 'பிசிஎம்' என்று இரண்டு முறைகளில் எதைத் தேர்ந்தீர்களோ அதைப் பொறுத்தது. ஒயரிங்பை என்ற இன்னொன்றில் மூன்றாவதாக ஒரு எண் கணக்கு, அதில் இதே பின்னுக்கு 0 என்று பெயர். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரல் என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

படி 2: கரண்டும் கிரவுண்டும்

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, 1க்கும் 6க்கும் நடுவே அளந்தால் 3.3 வர வேண்டும். 2க்கும் 6க்கும் நடுவே 5ஐ ஒட்டி வர வேண்டும். மீட்டரின் கூர்முனையை ஹெடரில் நேரடியாக வைக்காதீர்கள். பின்களுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர்தான். முனை கொஞ்சம் வழுக்கி 5 வோல்ட்டையும் பக்கத்துப் பின்னையும் தொட்டுவிட்டால் சோதனை அத்தோடு முடிந்தது. பெண் முனை ஜம்பரை ஹெடரில் செருகி, மறு முனையை பிரெட்போர்டில் நட்டு, அங்கே அளந்து பாருங்கள்.

சென்சாருக்கோ ரிலேவுக்கோ தனி அடாப்டர் கொடுத்திருந்தால் அதன் கிரவுண்டும் பையின் கிரவுண்டும் சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்று அனுப்பும் சிக்னல் இன்னொன்றுக்குப் புரியாது. 6, 9, 14, 20, 25, 30, 34, 39 எல்லாமே கிரவுண்ட், எது வசதியோ அது.

இரண்டு சில்லறை விஷயங்கள். நீள பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும், பக்கத்தில் ஓடும் சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டிருக்கும். அப்புறம், கட்டாக வாங்கும் ஜம்பர்களில் உள்ளே செம்பு அறுந்தது ஒன்றிரண்டு இருப்பது சகஜம். மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒயரை ஆட்டிக்கொண்டே சோதியுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் ஹெடர் பின்கள் நிறம் மங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் போதும்.

படி 3: போர்டிடமே கேளுங்கள்

'பின்சிடிஆர்எல்' என்பது ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலேயே வரும் கருவி. பின் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி சி, டி, ஆர், எல் என்ற நான்கு எழுத்துகள். பழைய ஓஎஸ்ஸில் இதே வேலையை 'ராஸ்பி-ஜிபிஐஓ' செய்தது. 'பின்சிடிஆர்எல் கெட் 17' என்று அடித்தால் ஒரே ஒரு வரி வரும். அதில் 'ஐபி' என்றால் இன்புட், 'ஓபி' என்றால் அவுட்புட். 'பியூ' இருந்தால் உள்ளே ஒரு ரெசிஸ்டர் பின்னை மேலே (3.3 வோல்ட்டுக்கு) இழுத்துப் பிடித்திருக்கிறது, 'பிடி' இருந்தால் கீழே (பூஜ்யத்துக்கு). 'ஹெச்ஐ', 'எல்ஓ' என்பவை இந்த நொடியில் பின்னில் இருக்கும் நிலை. எண் சேர்ந்த 'ஏ0', 'ஏ5' போன்றவை வந்தால் அந்தப் பின்னை எஸ்பிஐ, யூஆர்ட் (மற்ற சாதனங்களோடு தரவு பரிமாறும் முறைகள்) போன்ற வேறு வேலைக்குச் சிப் ஒதுக்கிவிட்டது என்று பொருள். பை 5இல் இன்னும் யாரும் தொடாத பின்னுக்கு 'நோ' என்று காட்டும்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் இதை அடித்துப் பாருங்கள். அவுட்புட் என்று நீங்கள் நினைத்த பின் 'ஐபி' என்று நின்றால், நிரல் வேறு பின்னைத் தொடுகிறது அல்லது இதைத் தொடவே இல்லை.

படி 4: பின்னை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா?

'ஜிபிஐஓ பிஸி' என்ற பிழை வந்தால் இந்தப் படிக்கு நேராக வரலாம். 'ஜிபிஐஓஇன்ஃபோ' என்று அடித்தால் எந்தப் பின்னை எந்த டிரைவர் அல்லது நிரல் வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். எஸ்பிஐயை இயக்கியிருந்தால் 7 முதல் 11 வரை ஐந்து ஜிபிஐஓவும் அதற்குப் போய்விடும். ஒன்-ஒயர் (ஒரே ஒயரில் சென்சாரைப் படிக்கும் முறை) இயக்கியிருந்தால் ஜிபிஐஓ 4 போய்விடும். எப்போதோ ஒரு டெம்பரேச்சர் சென்சாருக்காக ஆன் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள்.

தேவையில்லாததை 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் அணைத்துவிடலாம். கையால் திருத்துவதென்றால் கான்ஃபிக் கோப்பு (போர்டு கிளம்பும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். 2023இல் வந்த புக்வார்ம் ஓஎஸ் பதிப்பிலிருந்து அது பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவில் இருக்கிறது. பழைய இடத்தில் உள்ள கோப்பைத் திருத்திவிட்டு, ரீபூட் செய்து, மாற்றமே இல்லையே என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

பை 5 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் பின்களைக் கவனிப்பது ஆர்பி1 என்ற வேறொரு சிப். ஆகவே பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ அங்கே ஓடாது. ஜிபிஐஓஜீரோவுக்கு மாறுங்கள், அல்லது அதே பழைய நிரல் ஓடும்படி மாற்றாக வந்திருக்கும் ஆர்பிஐ-எல்ஜிபிஐஓவை நிறுவுங்கள்.

படி 5: வெறும் பின்னைச் சோதியுங்கள்

போர்டை அணைத்து, அந்தப் பின்னில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். மீண்டும் ஆன் செய்து 'பின்சிடிஆர்எல் செட் 17 ஓபி டிஹெச்' அடித்தால் 11ஆவது பின்னுக்கும் 9க்கும் நடுவே 3.3 வோல்ட் வர வேண்டும். கடைசி எழுத்துகளை 'டிஎல்' என்று மாற்றினால் பூஜ்யம். அடுத்து 'செட் 17 ஐபி பியூ', பிறகு 'கெட் 17': 'ஹெச்ஐ' வர வேண்டும். 'ஐபி பிடி' கொடுத்தால் 'எல்ஓ'. நான்கும் சரி என்றால் பின் நலமாக இருக்கிறது, பிரச்சினை வெளியே. இந்தக் கருவி கர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதியை) கேட்காமல் நேராகச் சிப்பில் எழுதும், அதனால் வேறு டிரைவர் பிடித்திருக்கும் பின்னில் இந்த விளையாட்டு வேண்டாம்.

எல்இடி வைத்துச் சோதிப்பதென்றால் 330 ஓம் கட்டாயம். ஒரு பின்னால் தர முடிந்தது அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர்தான்.

படி 6: 5 வோல்ட் எங்கே நுழைகிறது?

சம்ப் புராஜெக்ட் பெரும்பாலும் சிக்குவது இங்கே. பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்காது. ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார் 5 வோல்ட்டில் ஓடி, எக்கோ (பதில் சிக்னல் தரும்) காலில் 5 வோல்ட்டையே திருப்பித் தருகிறது. நேராக இணைத்தால் சில நாள் ஓடினாலும் ஓடும், பிறகு ஒரு நாள் பின் போகும், சிப்பும் சேர்ந்து போகலாம். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்கு, அதே பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு (1 கிலோ இரண்டைத் தொடராக வைத்தால் 2 கிலோ). பையில் இணைக்கும் முன், எக்கோ வர வேண்டிய முனைக்கு 5 வோல்ட்டைக் கொடுத்து நடுப் புள்ளியை அளந்து பாருங்கள். 3.3 காட்டினால்தான் இணைக்கலாம். சம்ப்புக்குள் ஈரம் என்பதால் திறந்த சென்சார் நீடிக்காது, நீர்புகாத ஜேஎஸ்என் வகை நல்லது. ஆனால் அது சுமார் 20 சென்டிமீட்டருக்குக் குறைவான தூரத்தைச் சரியாகச் சொல்லாது, சம்ப் நிரம்பும்போது கணக்கு தவறும். மூடியிலிருந்து உயர்த்திப் பொருத்துங்கள்.

ரிலே அணைய மறுக்கும் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். நீல நிற ரிலே போர்டுகள் பலவும் இன்புட் கீழே இறங்கினால் ஆன் ஆகும் வகை. விசிசி என்ற சப்ளை காலில் 5 வோல்ட் கொடுத்திருந்தால், நீங்கள் பின்னை 3.3க்கு உயர்த்தினாலும் மீதி 1.7 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன எல்இடிக்கு அதுவே போதும், ரிலே பிடித்துக்கொண்டே நிற்கும். போர்டில் 'ஜேடி-விசிசி' என்று ஒரு ஜம்பர் இருந்தால் கழற்றிவிட்டு, ஜேடி-விசிசிக்கு 5, விசிசிக்கு 3.3 கொடுங்கள். தீர்ந்தது.

இன்னொரு தொல்லை, பை பூட் ஆகும்போது ரிலே தானாக ஒரு தட்டுத் தட்டும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை தொடக்கத்திலேயே மேலே இழுத்த நிலையில் இருக்கும், 9 முதல் 27 வரை கீழே. கீழே இறங்கினால் ஆன் ஆகும் ரிலேவை 17இல் வைப்பதற்குப் பதில் ஜிபிஐஓ 5 (29ஆவது பின்) அல்லது 6இல் (31ஆவது பின்) வையுங்கள். கான்ஃபிக் கோப்பில் 'ஜிபிஐஓ=5=ஓபி,டிஹெச்' என்ற வரியையும் சேர்த்தால் இன்னும் உறுதி.

சம்ப் மோட்டாரை அந்த நீல ரிலேயில் நேரடியாகப் போடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் பல மடங்கு. ரிலே கான்டாக்டரை (மோட்டாருக்கான பெரிய சுவிட்சை) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்தப் பக்க ஒயரிங்குக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 7: ஐ2சி, யூஆர்ட்

ஐ2சி என்ற இரண்டு ஒயர் இணைப்பில் 'ஐ2சிடிடெக்ட் -ஒய் 1' அடித்தால் கட்டம் முழுக்கக் கோடுதான் வருகிறதா? எஸ்டிஏ (தரவு ஒயர்) 3ஆவது பின், எஸ்சிஎல் (கிளாக் ஒயர்) 5ஆவது பின், மாறியிருக்கிறதா பாருங்கள். போர்டிலேயே இந்த இரண்டையும் 1.8 கிலோ ஓம் மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது, ஆகவே சும்மா இருக்கும்போது இரண்டிலும் 3.3 வோல்ட் நிற்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஏதோ ஒன்று ஷார்ட். கட்டத்தில் 'யூயூ' வந்தால் பயம் வேண்டாம், கர்னல் டிரைவர் அந்தச் சாதனத்தை ஏற்கெனவே பயன்படுத்துகிறது.

யூஆர்ட்டில் டிஎக்ஸ் (அனுப்பும் கால்) எதிர்ப்பக்கத்து ஆர்எக்ஸுக்கு (வாங்கும் கால்) போக வேண்டும். ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் லாகினை அணைத்து, சீரியல் ஹார்டுவேரை மட்டும் ஆனில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் 5ஆம் படியில் ஒரு பின் மட்டும் தேறவில்லையா? அது போய்விட்டது, போர்டு போகவில்லை. சிப் வழக்கத்துக்கு மீறிச் சுடாமல், மற்ற பின்கள் சோதனையில் தேறினால் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஜிபிஐஓ 2 முதல் 27 வரை 26 இருக்கின்றன. அந்தப் பின்னில் இனி எதையும் செருகாமல், ஒயரை வேறொன்றுக்கு மாற்றி, நிரலில் எண்ணையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.